மங்குக்கு ட்யூப் வாங்கும் முன்னால்

மங்கு என்பது முகத்தில் திட்டுத் திட்டாகப் படரும் கறுப்பு. "அண்ணாச்சி, மங்குக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டால், பல நேரம் கைக்கு வருவது மூன்று மருந்து கலந்த க்ரீம்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. சில வாரங்களிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளிச்சுக்காகத்தான் அடுத்த ட்யூபும் வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி அடரும். நிறுத்தினால் எரிச்சலோடு மங்கு திரும்ப வரும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஸ்டீராய்டு இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் சட்டென்று விடாமல், தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

மங்கைக் கறுக்க வைப்பதில் முதல் ஆள் வெயில். திருநெல்வேலியில் சித்திரை பிறப்பதை ஒட்டி ஒருமுறை, ஆவணிப் பாதியில் இன்னொரு முறை, உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அக்னி நட்சத்திரத்துக்கு முக்காடு போடுகிறவர்கள் ஆவணியில் விட்டுவிடுகிறார்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போதும் புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வருகிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா? அந்த நேரத்து வெயில் தோலுக்கு ஆகாது. பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியும் முழுப் பாதுகாப்பு கிடையாது. அது ஒருவகைக் கதிரைத்தான் நன்றாகத் தடுக்கும், மங்கைக் கூட்டும் இன்னொரு வகை உள்ளே வந்துவிடும்.

சன்ஸ்கிரீனின் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) 30க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகிற அளவு, சுமார் 1 கிராம். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்றாலே 50 கிராம் ட்யூப் 25 நாளில் தீரும். மூன்று மாதம் வருகிறதென்றால் போடுகிற அளவு பத்தவில்லை, அவ்வளவுதான். வயலிலோ வண்டியிலோ வியர்த்து வழிகிறவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அகலமான தொப்பியும் முக்காடும் அவர்களுக்குக் கூடுதல் துணை. மங்குக்கு, அயர்ன் ஆக்சைடு சேர்ந்த தோல் நிறச் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளைச் சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை.

இதை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகு ராத்திரி மருந்துக்கு வரலாம். அசெலாயிக் ஆசிட் என்ற, மங்கைக் குறைக்கும் மருந்தை 10 சதவீதத்தில் தொடங்குங்கள். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் பட்டாணி அளவு எடுத்து, மங்கு உள்ள இடத்தில் பரவலாகத் தடவி, மேலே மாய்ஸ்சரைசர் போடவும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். லேசான அரிப்பு வந்து அடங்கும். தோல் சிவந்து உரிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த எரிச்சலே புதுக் கறுப்பை உண்டாக்கும். காலையில் 5 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) சேர்க்கலாம். பிள்ளைத்தாச்சிகள் ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் இரண்டையும் தொடக்கூடாது. அவர்களுக்கு வரும் மங்கு பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாகவே மங்கும்.

எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் மாறாத கறுப்பு விழும். பீர்க்கங்கூட்டால் கன்னத்தையும் கழுத்தையும் பரபரவென்று தேய்ப்பதும் கறுப்பைத்தான் கூட்டும்.

பின்கழுத்து வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அதற்கு க்ரீம் தேடவேண்டாம். முதலில் சர்க்கரை பாருங்கள்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். 4 வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் பக்கம், அதே நேரத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியில் தினமும் பார்த்தால் மாற்றம் பிடிபடாது. சாம்பல் நீலமாகத் தெரியும் மங்கு ஆழத்தில் இருப்பது, மெதுவாகத்தான் குறையும். 3 மாதத்தில் அசையவில்லை என்றாலோ, ஒரு புள்ளி மட்டும் வேகமாகப் பெருத்து, நிறம் மாறி, ரத்தம் கசிந்தாலோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். இதுவரை போட்ட ட்யூப்களை, காலியானதாக இருந்தாலும், கையோடு கொண்டுபோங்கள்.