இருபது என்று எழுதினால் இருபது என்ன?

செப்டம்பர் 2, 2024, திங்கள்

நேற்று இரவு போக வேண்டிய எஸ்எம்எஸ்கள் போகவில்லை. நகைக்கடையில் மாதச் சீட்டு கட்டுகிறவர்களுக்குத் தவணையை நினைவூட்டும் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், எங்களுடையது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதியது. எட்டு மணிக்குத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றிருக்கிறது. லாகில் (நடப்பதைப் பதியும் ஃபைல்) பிழை என்று ஒரு வரி இல்லை. சர்வர் பார்க்கும் அண்ணன் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார். "சர்வீஸ் ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு, ஆனா ஒண்ணும் நகரல."

மதியம்தான் பிடிபட்டது. செய்திகளை வாங்கி ஃபோன்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ் கேட்வே பதில் சொல்லாவிட்டால் இருபது விநாடி பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அமைப்புகளை எழுதிவைக்கும் ஆப்செட்டிங்ஸ் ஃபைலில் டைம்அவுட் (காத்திருக்கும் நேரம்) 20 என்றுதான் இருக்கிறது. போன மாதம் கோடில் அந்த மதிப்பை வாங்கும் பிராப்பர்ட்டியை இன்ட்டிலிருந்து (முழு எண்) டைம்ஸ்பானுக்கு (கால அளவு) மாற்றியது நான், ஃபைலைத் தொடவில்லை. டைம்ஸ்பானுக்கு வெறும் 20 என்றால் இருபது நாள். விநாடிக்கு 00:00:20 என்று எழுத வேண்டும். கேட்வே நேற்று மௌனமாகிவிட, எங்கள் சர்வீஸ் இருபது நாள் காத்திருக்க உட்கார்ந்துவிட்டது.

அங்கே 30 என்று இருந்திருந்தால் உடனே மாட்டியிருக்கும். கேட்வேயோடு பேசும் எச்டிடிபி கிளையன்ட் தன் டைம்அவுட்டை ஏறக்குறைய 24.8 நாளுக்கு மேல் ஏற்காது. இன்ட்டில் அடங்கும் மில்லிவிநாடி அவ்வளவுதான். 20 அந்த எல்லைக்குள் நுழைந்துவிட்டது.

தவணைத் தேதி தப்பினால் சீட்டுக்காரருக்கு போனஸ் குறையும். அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஃபைலின் மதிப்புகள் வந்து உட்காரும் செட்டிங்ஸ் கிளாஸை வரிவரியாகப் பார்த்தேன். எல்லாப் பிராப்பர்ட்டியின் தலையிலும் ரிக்வயர்ட் ஆட்ரிபியூட், அதாவது மதிப்பு கட்டாயம் என்ற குறிப்பு, இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று பேட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு எத்தனை) வரியை ஃபைலிலிருந்து அழித்துவிட்டு ஓட்டினேன். புகாரே இல்லை, மதிப்பு 0. ரிக்வயர்ட் பார்ப்பது, மதிப்பே இல்லாத 'நல்' நிலையா, எழுத்தே இல்லாத வெற்று ஸ்ட்ரிங்கா என்பதைத்தான். இன்ட் ஒருபோதும் நல் ஆகாது. ஆக, எண்களின் மேல் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. இன்ட்டுக்குக் கேள்விக்குறி போட்டு நல் ஆக விட வேண்டும், அல்லது ரேஞ்ச் (கீழ், மேல் எல்லை) வைக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. வேலிடேஷன், அதாவது இந்தச் சோதனை, எல்லாம் ஆப்ஷன்ஸின் (படித்து வைத்த செட்டிங்ஸ்) மதிப்பை முதல்முறை கேட்கும்போதுதான் ஓடுகிறது. எங்களுக்கு அது இரவு எட்டு மணி, அலுவலகத்தில் ஆளே இருக்காது. டாட்நெட் 6 முதல் வேலிடேட் ஆன் ஸ்டார்ட் இருக்கிறது, சர்வீஸ் கிளம்பும்போதே சோதித்துவிடும். ஒரே வரி. சேர்த்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

ரேஞ்சுக்கே டைப்பையும் இரண்டு ஸ்ட்ரிங்கையும் கொடுத்தால் டைம்ஸ்பானைச் சோதிக்கும். தனியாக ஒரு சின்ன கிளாஸில் வைத்துப் பார்த்தேன், பிடித்தது. ஆனால் அது சொல்வது, டைம்அவுட் 00:00:01-க்கும் 00:01:00-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஃபைலில் 20 என்று பார்க்கிற ஆள், "நடுவுலதானே இருக்கு" என்றுதான் நினைப்பார்.

அதனால் வேலிடேஷன் ஆட்ரிபியூட்டை இன்ஹெரிட் செய்து சொந்தமாக ஒன்று எழுதினேன். எல்லைகளை வாங்கும் கன்ஸ்ட்ரக்டரில் டைம்ஸ்பானையே வாங்கப் பார்த்தேன், கம்பைலர் விடவில்லை. ஆட்ரிபியூட்டுக்குள் கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மாறிலிகள்தான் போகும். சரி, இரண்டு இன்ட் போதும்: 1, 60. மதிப்பு நல் என்றால் சக்சஸ் என்று விட்டுவிடுகிறேன். இல்லாததைக் கேட்பது ரிக்வயர்டின் வேலை. நாள் மட்டும் இருந்து, மணி, நிமிடம், விநாடி எல்லாம் பூஜ்யமாக வந்தால் யாரோ வெறும் எண்ணை எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது வேறு செய்தி போகும். தமிழில் சொன்னால் இப்படி: "டைம்அவுட் இப்போது 20 நாள். 20 விநாடி வேண்டுமானால் 00:00:20 என்று எழுதவும்."

ஆட்ரிபியூட்டுக்கு அரை மணி நேரம்தான். இந்தச் செய்திக்கு மதியம் முழுக்க ஆனது. இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து இதைப் படிக்கப்போவது அந்த அண்ணன். அவருக்கு டைம்ஸ்பான் என்றால் என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஏபிஐ கீக்கான (கேட்வேயிடம் காட்டும் ரகசியச் சாவி) ஆட்ரிபியூட்டில் மட்டும் மதிப்பைச் செய்தியில் காட்டவில்லை. கீ லாகுக்குள் போய்விடக் கூடாது.

செப்டம்பர் 6, வெள்ளி

டெஸ்ட் எழுதினால், என் ஆட்ரிபியூட் கூப்பிடப்படவே இல்லை! டைம்அவுட் இருப்பது கேட்வே பட்டியலின் உள்ளே. வேலிடேஷன் வெளி ஆப்ஜெக்டோடு திரும்பிவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. டாட்நெட் 8-இல் இதற்கென்றே வேலிடேட் எனூமரேட்டட் ஐட்டம்ஸ் வந்திருக்கிறது. பட்டியல் இல்லாமல் ஒற்றை ஆப்ஜெக்ட் என்றால் வேலிடேட் ஆப்ஜெக்ட் மெம்பர்ஸ். போட்டதும் டெஸ்ட் பச்சை.

இன்னோர் ஆட்ரிபியூட்டும் முடிந்தது: பேஸ் அட்ரஸ் (கேட்வேயின் அடிப்படை முகவரி) சாய்கோட்டில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சேர்க்கும் பாதை கடைசித் துண்டைத் தின்றுவிடும். முகவரியில் இருந்த வி2 காணாமல் போகும்.

நாளை விநாயகர் சதுர்த்தி. டிப்ளாய் (சர்வரில் ஏற்றுவது) திங்களன்றுதான்.

செப்டம்பர் 9, திங்கள்

சர்வீஸ் கிளம்ப மறுத்தது. காலை பதினோரு மணிக்கு, எல்லோரும் இருக்கும்போது.

பிழை இரண்டு, ஒரே செய்தியில் சேர்ந்து வந்தன. ஒன்று சாய்கோடு. இன்னொன்று, டைம்அவுட் 0 என்று. ஃபைலில் டைம்அவுட் என்ற பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால், ஃபைலைப் படித்துக் கிளாஸை நிரப்பும் பைண்டர் கண்டுகொள்ளாது, ஆனால் எழுத்தே விட்டுப்போனால் அது தெரியாத கீ, சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஒரு விநாடிக்குக் குறையக் கூடாது என்ற எல்லைதான் பிடித்தது.

அண்ணனே சரிசெய்துவிட்டு அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். "என்ன தப்புன்னு நல்லா சொல்லுதும்மா. எந்த ஃபைல்னு சொல்லலையே? பத்து நிமிஷம் வேற ஃபைல்ல தேடிட்டு இருந்தேன்."

அவர் சொல்வது சரி. பொதுவான ஆப்செட்டிங்ஸ், புரொடக்ஷனுக்கு (நிஜமாக ஓடும் சர்வர்) தனி ஃபைல், அதற்கும் மேலே என்விரான்மென்ட் வேரியபிள் (சர்வரிலேயே வைக்கும் மதிப்பு). கடைசியாக வருவதே நிற்கும், ஆனால் ஆட்ரிபியூட்டுக்குக் கிடைப்பது மதிப்பு மட்டும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. டாட்நெட்டில் இருக்கும் கெட் டீபக் வியூ ஒவ்வொரு மதிப்பும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று காட்டும். ஏபிஐ கீயையும் சேர்த்தே காட்டிவிடும், அதை மறைத்துத்தான் அச்சிட வேண்டும். நாளைக்கு முதல் வேலை இது.