சிவப்பு வட்டம் போட்ட எண்கள்

பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து சேர்ப்பது எங்கள் வேலை. ஒரு கடையில் அந்த இரண்டு நெகட்டிவ் பெட்டிகளையும் ஸ்கேன் செய்யாமல் திருப்பிக் கொடுத்தது சரிதான் என்று அலுவலகத்தில் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் தனியாக உட்கார்ந்து யோசித்தால் அவ்வளவு உறுதி வரமாட்டேன் என்கிறது.

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாக நடக்கும் ஒரு ஸ்டூடியோ. பெயர் வேண்டாம். தாத்தா கண்ணாடிக் கூரை போட்டுப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தவர், அப்பா விளக்கு வாங்கிப் போட்டவர், மகன் இப்போது பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், பிளக்ஸ் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேர்த்த பிறகுதான் எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கும் இந்த வேலையில் இறங்கத் துணிச்சல் வந்தது. பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒன்றும் மிச்சம் இருக்காது. கண்ணாடி நெகட்டிவை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு சாமி படத்துக்குச் சட்டக் கண்ணாடியாகப் போட்டிருப்பார்கள், 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது, அதில் இருக்கும் வெள்ளிக்காகப் பிலிமை எல்லாம் எடைக்குப் போட்டிருப்பார்கள். இங்கே பெரியவர், அதாவது விளக்கு வாங்கிப் போட்ட அந்த அப்பா, விடவில்லை. 1968 மகாமகத்துக்கு வந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு குடும்பமாக நின்றவர்கள், பள்ளிக்கூட குரூப், வங்கி மேனேஜரின் பிரிவு உபசாரம், மாலை போட்ட கல்யாண ஜோடி எல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. "எல்லாம் எடுத்துக்குங்க தம்பி" என்றார். அந்த இரண்டைத் தவிர.

இரண்டும் ஊட்டி பிலிம் பேக்டரியின் 'இந்து' போட்டோ பேப்பர் வந்த பழைய அட்டைப் பெட்டிகள். திறந்ததும் வினிகர் வாடை அடித்தது, பிலிம் தானாகச் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மேலாக இருந்த ஒன்றை மட்டும் விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தேன். அரைப் பிளேட் அளவு, ஒரு பெண், பதினேழு பதினெட்டு வயது இருக்கலாம், நாற்காலியில் தனியாக, நேராக கேமராவைப் பார்த்தபடி. கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் பென்சில் கோடுகள், மயிரிழை மாதிரி, நூற்றுக்கணக்கில். ஓரத்தில் எண். பதிவேட்டில் அதே எண்ணைத் தேடினால் சுற்றிலும் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் தகப்பனார் பெயர், தெரு, மூன்று காப்பி, 'நிறம் தூக்கி' என்று ஒரு குறிப்பு, அதற்குக் கீழே 'தகப்பனார் வந்தால் மட்டும் கொடுக்கவும்'.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம். நெகட்டிவில் பென்சில் ஏற ஏற பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். டச்சிங் செய்பவர் கண்ணாடிப் பலகைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து ஒரு முகத்துக்கு ஒரு பொழுது செலவழிப்பாராம், அந்தக் காலத்தில் கடையில் சம்பளம் அதிகம் வாங்கியவர் அவர்தானாம். நிறம் தூக்கிக் கொடுங்கள் என்று ஒரு தகப்பன் தணிந்த குரலில் கேட்டது இப்படிக் கோடு கோடாக அந்தப் பிலிமில் நிற்கிறது. இந்த ஊரில் பெண்களுக்கு எப்படிக் கல்யாணம் நடந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

"இத மட்டும் ஏன் வேணாங்கறீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"பொண்ணுங்க படம் தம்பி. வெளியில போகாதுன்னு எங்க அப்பா வாக்கு குடுத்து எடுத்தது. சில பேரு நெகட்டிவையே கையோட வாங்கிட்டுப் போயிடுவாங்க. இவங்கள்லாம் எங்கள நம்பி விட்டுட்டுப் போனவங்க. எங்க வீட்டுல இருக்குங்கறதுக்காக அது எங்களுது ஆயிடுமா?"

சட்டப்படி பார்த்தாலும் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. பிலிம் கடையுடையது, படம் அவருடையது. பெரியவர் இந்தச் சட்டத்தையெல்லாம் படித்ததில்லை, தொழிலில் கற்றுக்கொண்ட முறை அது. குடும்பத் தொழில்கள் வழியாக ஊர் வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்று எங்கள் அறிக்கைகளில் எழுதுகிறோமே, அந்தக் குடும்பம் காப்பாற்றி வைத்திருந்ததில் இந்த வாக்கும் ஒன்று. படத்தை வாங்கிக்கொண்டு வாக்கை உடைத்துவிட்டு வந்தால் எதைக் காப்பாற்றியதாகக் கணக்கு?

சரி, இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. அன்று மதியம் பெரியவர் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்த நேரம் மகன் வந்து, "அப்பாவுக்கு வயசாயிடுச்சு சார், நீங்க எடுத்துக்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். கேமரா ஸ்டாண்டில் தயாராக இருந்தது, விளக்குப் பலகையும் எரிந்துகொண்டிருந்தது. சாயந்திரத்துக்குள் முடித்திருப்பேன். கடைச் சாவி மகனிடம்தான் இருக்கிறது, உரிமமும் அவர் பெயரில்தான், எங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அவர் பேராசையில் சொல்லவில்லை. வாடை அடிப்பது அவருக்கும் தெரியும். "நாலு வருஷம் கழிச்சு வெறும் பிசினா ஒட்டிக்கிட்டு நிக்கும் சார், அப்ப யாருக்கு லாபம்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "அப்பா எழுந்ததும் அவர்கிட்டயே கேட்டுருவோம் அண்ணே" என்றேன். பெரியவர் எழுந்தார், கேட்டோம், மறுபடியும் வேண்டாம் என்றார். அதோடு பெட்டிகளை மூடிக் கொடுத்துவிட்டேன்.

அலுவலகத்தில் கேட்ட கேள்விதான் இன்னும் குடைகிறது. அந்தக் கடையில் ஸ்கேன் செய்த மற்ற படங்களில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள், பார்த்தாயா என்றார் எனக்கு மேலே இருப்பவர். போய்ப் பார்த்தேன். கணவன் பக்கத்தில் நிற்கிறார்கள், பிள்ளையை மடியில் வைத்திருக்கிறார்கள், குரூப்பில் கடைசி வரிசையில் பாதி முகம் தெரிகிறார்கள். தனியாக, நாற்காலி நிறைய உட்கார்ந்து, கேமராவை நேருக்கு நேர் பார்ப்பவர்கள் அந்த இரண்டு பெட்டிக்குள் மட்டும்தான். அவற்றை விட்டுவிட்டால் அந்த ஊரின் ஐம்பது அறுபது ஆண்டு வரலாறு ஆண்களின் பிரிவு உபசாரமாகத்தான் மிஞ்சும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையை அவர்கள் யாருக்காகக் கொடுத்தார்கள் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை, தெரியாத வீட்டுக் கூடத்தில், தெரியாதவர்கள் கை மாற்றி மாற்றிப் பார்த்த முகங்கள். இப்போது ஆய்வு என்ற பெயரில் இன்னும் ஒரு கூட்டத்துக்கு முன்னால் வைப்பதா? அவர்களில் சிலர் இன்று எண்பதைத் தாண்டிய பாட்டிகளாக, கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளியே இருக்கலாம். "அட, நானா இது" என்று சந்தோஷப்படவும் செய்யலாமே. அதைத் தீர்மானிக்கப் பெரியவர் யார், நான் யார்?

இதில் இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பேசும் நியாயம் பாதி நியாயம்தான். பதிவேட்டை முழுக்க ஸ்கேன் செய்திருக்கிறோம். அது கடைக் கணக்கு, எங்களுடையது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவரே எடுத்துக் கொடுத்தார். அதில் சிவப்பு வட்டம் போட்ட எண்கள் அத்தனையும் தகப்பன் பெயரோடு, தெருவோடு, 'நிறம் தூக்கி' என்ற குறிப்போடு இருக்கின்றன. முகத்தை மறைத்துவிட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம். எது பெரிய அந்தரங்கம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் அந்தத் தெருப் பெயர்களை வைத்தே வீடு வீடாகப் போய்க் கேட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கதவைத் தட்டி, உங்கள் பாட்டியைப் பெண் கேட்டு அனுப்பிய படம் கடையில் இருக்கிறது என்று பேரனிடம் சொல்வதா? அந்த இடம் அமையாமல் போயிருந்தால், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு சம்பந்தத்தை நானே கிளறிவிட்டதாக ஆகும். பாட்டி இருந்தால் பாட்டியிடம் மட்டும் கேட்கலாம். ஆனால் கல்யாணமாகிப் போன பெண்களைப் பிறந்த வீட்டு விலாசத்தில் எங்கே தேடுவது?

போன வாரம் மகன் போன் செய்தார். பெட்டிகளைப் பற்றி மறுபடியும் கேட்டார். எடுக்கலாம், எடுக்க வேண்டாம் என்று நான் எதுவும் சொல்லவில்லை. பிலிம்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனிக் காகித உறையில் போடச் சொன்னேன், பிளாஸ்டிக் கூடாது, வாடை அடிப்பவற்றை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது, மாடி அறை சூடு வேண்டாம், கீழே காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள் என்றேன். உறைகளை நாங்களே வாங்கி அனுப்புகிறோம். இதற்குப் பெரியவரும் சரி என்று சொல்லிவிட்டாராம், ஆனால் உறையில் போடும் வேலையை அவரேதான் செய்வாராம், வேறு யாரும் தொடக் கூடாதாம்.