துருவ இரவும் நைதரசனும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

2024 ஒக்ரோபர் 10, வியாழன்

இரவுச் சாப்பாடு முடிந்து போனைத் திறந்தால் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்வி: "யாழ்ப்பாணத்தில துருவ ஒளி தெரியுமோ?" கீரிமலைக் கடலுக்கு மேலே இளஞ்சிவப்பு வானம் என்று ஒரு படமும் சுற்றுகிறது. கணினி கீறிய படம். கோயில் கோபுரம் கடலுக்குள்ளே நிற்கிறது, அதையாவது கவனித்திருக்கலாம்.

சூரியப் புயல் என்ற சங்கதி உண்மைதான். துருவ ஒளி என்பது அந்தப் புயலோடு வரும் ஏற்றமுள்ள துணிக்கைகள் முனைகளின் பக்கம் வளிமண்டலத்தில் மோதி எழுப்பும் வெளிச்சம். நேற்று சூரியனில் எக்ஸ் 1.8 தரத்தில் ஒரு சுவாலை, எக்ஸ் என்றால் மிகப் பலமான வகை. அதோடு கிளம்பிய பிளாஸ்மா மேகம், அதாவது ஏற்றமுள்ள துணிக்கைகளின் கூட்டம், இன்று இரவு எங்கள் நேரம் எட்டே முக்கால் அளவில் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதியிருக்கிறது. ஆனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் இருப்பது காந்த மத்திய கோட்டுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பித்தளைச் சட்டத்தில் ஒரு பழைய காந்த ஊசி உண்டு, மேலும் கீழும் ஆடக்கூடியது. இங்கே அது ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அதே ஊசியை நோர்வேயின் ட்ரொம்சோவில் வைத்தால் 78 பாகை அளவுக்குத் தலைகுத்தாக நிற்கும். ஏற்றமுள்ள துணிக்கை, ஊசி காட்டும் திசையில் போகும் காந்தப் புலக்கோட்டைச் சுற்றித்தான் வரும். எங்கள் தலைக்கு மேலே கோடுகள் கிடையாகப் போகின்றன, இறங்குவதற்கு வழி இல்லை. எங்களைப் போலவே காந்த மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கும் ஊட்டி பக்கத்தில் நேர் மேலிருந்து ஒரு புரோத்தன் நுழைவதற்கு ஏறக்குறைய 17 கிகா இலத்திரன்வோல்ற்று சக்தி வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த தடைகளில் இதுவும் ஒன்று.

இதைச் சுருக்கி எழுதிக் குழுவில் போட்டேன். கிடைத்த பதில்: "சேர், அப்ப நாளைக்குத் தெரியுமோ?"

ஒக்ரோபர் 11, வெள்ளி

காந்தப் புயலின் பலத்தைக் காட்ட கியோட்டோ பல்கலைக்கழகம் வெளியிடும் டி.எஸ்.ரி சுட்டெண் (கீழே போகப் போகப் புயல் பெரிது) இரவோடிரவாக மறை 300 நனோதெஸ்லாவுக்கும் கீழே போய்விட்டது. மே மாதப் புயல் இதைவிடப் பெரிது, மறை 400ஐத் தொட்டது. அன்றைக்கு லடாக்கின் ஹன்லே ஆய்வகத்தில் வானம் சிவந்ததைப் படம் பிடித்திருந்தார்கள். 1872 பெப்ரவரி 4 அன்று பம்பாயிலேயே கண்டதாகப் பதிவு இருக்கிறது.

ட்ரொம்சோவில் இருக்கும் அக்காவுக்கு எடுத்தேன். "இங்க ஒண்டும் பெரிசா இல்லையடா. தெற்கில ஒஸ்லோப் பக்கம்தான் எல்லாரும் படம் போடினம்" என்றார். அப்படித்தான் நடக்கும். துருவ ஒளி விழும் வளையம் புயல் பெருக்கப் பெருக்கத் தெற்கே விரியும். வளையத்துக்கு அடியில் வழக்கமாக இருக்கிற ஊர் அப்போது உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். பெரிய புயலன்று வடக்கே இருப்பவருக்குத்தான் நட்டம்.

ஒக்ரோபர் 16, புதன்

சூரியன் அதன் பதினொரு வருடச் சுற்றின் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக நாசாவும் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவும் நேற்று அறிவித்திருக்கின்றன. இங்கே எல்லோருக்கும் இந்நாட்களில் மேற்கு வானத்தில் தெரியும் வால்வெள்ளிதான் அக்கறை. பின்னேரம் கசூரினா கடற்கரையில் நல்ல சனம், மேற்கில் முகில். கச்சான் விற்றவருக்கு நல்ல வியாபாரம்.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

இன்று வகுப்பில் துருவ ஒளிக் கதைக்காகப் பாடத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது. நிறங்களில் தொடங்கினோம். பச்சை ஒட்சிசன் அணுவிலிருந்து வருவது, 557.7 நனோமீற்றர். சிவப்பும் ஒட்சிசன்தான், 630 நனோமீற்றர். பச்சையை உமிழ அருட்டப்பட்ட அணுவுக்கு ஒரு செக்கனுக்கும் குறைவாகவே போதும். சிவப்புக்கு நூறு செக்கனுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் இன்னொரு மூலக்கூறோடு மோதாமல் இருப்பதென்றால் காற்று மிக மெலிந்த 200 கிலோமீற்றருக்கு மேலேதான் முடியும். அதனால்தான் சிவப்பு எப்போதும் உயரத்தில். ஹன்லேக்காரர் அடிவானத்தில் கண்டதும் அந்த மேல்விளிம்பைத்தான்.

பிறகு கரும்பலகையில் ஓர் உயர அச்சைக் கீறினேன். 10 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள இலத்திரன் 100 கிலோமீற்றர் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். 100 கிலோ இலத்திரன்வோல்ற்று என்றால் 80 கிலோமீற்றர் வரை இறங்கும். 1 மெகா என்றால் 60 வரை. சூரியனில் இருந்து வரும் 100 மெகா புரோத்தன் 35 கிலோமீற்றருக்குக் கிட்ட, ஓசோன் இருக்கும் படைமண்டலத்துக்குள்ளேயே வந்துவிடும். நாங்கள் வாய் பிளந்து பார்க்கும் ஒளித் திரைச்சீலை முழுவதும் அந்த முதல் வரி 10 கிலோக்காரரின் வேலை. கீழே இறங்குபவர்கள் எங்கள் கண்ணுக்குப் பெரிதாக எதையும் காட்டுவதில்லை.

பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "வந்து நிண்டாப்பிறகு என்ன செய்யும் சேர்?"

நல்ல கேள்வி. நைதரசனை உடைக்கும். மும்மைப் பிணைப்பு, மூலுக்கு 945 கிலோயூல், பிள்ளைகள் இரசாயனத்தில் மனனம் செய்து வைத்திருக்கிற அதே எண். உடைந்து அருட்டப்பட்ட நைதரசன் அணு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்தால் நைத்திரிக் ஒட்சைட்டு. அது ஓசோனிடமிருந்து ஓர் ஒட்சிசனைப் பிடுங்கி நைதரசன் ஈரொட்சைட்டாகும். பிறகு தனி ஒட்சிசன் அணு ஒன்றைச் சந்தித்து மறுபடியும் நைத்திரிக் ஒட்சைட்டாகும். தான் தேயாமல் திரும்பத் திரும்ப அதையே செய்யும். ஊக்கிக்கு உதாரணம் கேட்டால் இனி ஐதரசன் பரவொட்சைட்டில் மங்கனீசீரொட்சைட்டு போட்டதை மட்டும் எழுதாதீர்கள் என்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

சித்தப்பா உரும்பிராயில் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார். நான் கதைப்பதைக் கேட்டுவிட்டு, "உந்த வெளிச்சத்தால எங்களுக்கு என்ன பிரயோசனம், தம்பி?" என்றார். வரம்பில் யூரியாப் பை சாய்ந்து கிடந்தது.

அதைக் காட்டியே கிறிஸ்தியான் பேர்க்லாண்டின் கதையைத் தொடங்கினேன். நோர்வேக்காரர். சூரியனிலிருந்து வரும் ஏற்றமுள்ள கதிர்களைப் பூமியின் காந்தம் முனைகளுக்கு வளைத்து விடுகிறது என்று 1896இலேயே சொன்னவர். வெற்றிடப் பெட்டிக்குள் காந்தம் வைத்த ஓர் உருண்டையைத் தொங்கவிட்டுக் கதோட்டுக் கதிர்களைப் பாய்ச்சி, அதன் இரு முனைகளைச் சுற்றியும் ஒளிவளையம் விழுவதைக் காட்டியவர். அல்தாவுக்குப் பக்கத்தில் ஹால்தே மலையுச்சியில் 1899இல் கல்லால் வானாய்வகம் கட்டி, பனிக்காலம் முழுவதும் அங்கே தங்கி அளந்தவர். புலக்கோடு வழியாக மின்னோட்டம் இறங்குகிறது என்ற அவருடைய கருத்தை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் செய்மதிகள் போய் அளந்த பிறகுதான் ஏற்றார்கள். மனிதர் 1917இலேயே டோக்கியோவில் காலமாகிவிட்டார். பிறகு 200 குரோனர் தாளில் அவர் முகத்தைப் போட்டார்கள். அக்கா முதன்முதலில் அனுப்பிய நோர்வேத் தாளும் அதுதான், யார் என்று தெரியாமலே வைத்திருந்தோம்.

சித்தப்பாவுக்குப் பிடித்தது அடுத்த பாதி. ஆராய்ச்சிக்குக் காசு வேண்டும் என்று பேர்க்லாண்ட் சாம் ஐடே என்ற பொறியியலாளரோடு சேர்ந்து, மின்வில்லுக்குள் காற்றைச் செலுத்தி நைத்திரிக் ஒட்சைட்டு எடுத்தார். அதிலிருந்து நைத்திரிக் அமிலம், அதிலிருந்து கல்சியம் நைத்திரேற்று, அதாவது பசளை. 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ பிறந்தது அந்த வேலையில்தான். பின்னர் ஹேபர் முறை மலிவாக வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. இந்த யூரியாவும் ஹேபர் வழி வந்ததுதான். ஆனால் தன் உலையில் தான் செய்த அதே உடைப்பை வானத்துத் துருவ ஒளியும் செய்து அதே வாயுவை ஆக்குகிறது என்பது பேர்க்லாண்டுக்குத் தெரிய வாய்ப்பே இருக்கவில்லை. இதை நினைக்க எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புளகாங்கிதம்.

"அப்ப அங்க வானத்திலயே பசளை இருக்கு, 2021இல இரசாயனப் பசளையைத் தடை செய்தாப்பிறகு எங்களுக்குத்தான் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார் சித்தப்பா.

நவம்பர் 17, ஞாயிறு

காலை எட்டரைக்கு ட்ரொம்சோவிலிருந்து அத்தானின் வீடியோ அழைப்பு. அங்கே விடியப்புறம் நாலு மணி. இரவு வேலை முடித்துக் காரை நிறுத்திவிட்டு எடுத்திருந்தார். 80களின் கடைசியில் வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைக்குப் போன எங்கட ஆட்களில் அவரும் ஒருவர்.

"ஆட்டமெல்லாம் முடிஞ்சுது. பஸ்ஸில வந்த ரூரிஸ்ற்காரர் ஒரு மணிக்கே போய்ப் படுத்திட்டினம். இப்ப சும்மா ஊத்தைத் திட்டாக் கிடக்கு" என்று போனை மேலே பிடித்தார்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. திரையில் மங்கலான, விளிம்பு தெரியாத திட்டுகள். ஒன்று மெல்ல ஏறி மறைந்தது, சில செக்கன் இருட்டு, அதே இடத்தில் அதே உருவில் மறுபடியும். பக்கத்துத் திட்டு தன்பாட்டுக்கு வேறொரு தாளத்தில். நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை, போன் கமரா அதைச் சாம்பலாகத்தான் காட்டியது. அத்தானின் கை குளிரில் நடுங்கியதால் திட்டுகளும் சேர்ந்து நடுங்கின.

துடிக்கும் துருவ ஒளி என்பார்கள். நள்ளிரவு தாண்டியபின் வருவது. திரைச்சீலையை ஆட்டுவிக்கும் இலத்திரன்களை விடச் சக்தி கூடிய இலத்திரன்கள் இதில் வருகின்றன, பத்துகளிலிருந்து நூறு கிலோ இலத்திரன்வோல்ற்று வரை, சில வேளைகளில் அதற்கு மேலும். பூமியிலிருந்து பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், காந்த மத்திய தளத்துக்கு அருகே கோரஸ் எனப்படும் வானொலி அலைகள் எழும்பி, புலத்தில் சிறைப்பட்டிருக்கும் இலத்திரன்களைத் தட்டி இறக்குகின்றன. அந்த அலையை ஒலியாக்கிக் கேட்டால் விடியற்காலைக் குருவிச் சத்தம். யப்பானின் அராசே செய்மதி அந்த அலையையும் அதோடு இறங்கும் இலத்திரனையும் ஒரே இடத்தில் நேரடியாக அளந்தது. முடிவு வெளிவந்தது 2018இல்.

சுற்றுலாக்காரர் காசு கொடுத்துப் பார்ப்பது மேலே நின்றுவிடும் ஒளி. அவர்கள் படுத்த பிறகு வரும் இந்த ஊத்தைத் திட்டுக்காரர்தான் ஆழம்வரை போய், படைமண்டலத்துக்கு மேலே உள்ள இடைமண்டலத்தில் வேலை செய்பவர்.

மருமகன் பள்ளிக்கூடத்தோடு ட்ரொம்சோவுக்குப் பக்கத்து ரம்ஃபியோர்டில் உள்ள ஐஸ்காற் ராடரைப் பார்க்கப் போய்வந்திருக்கிறான். 32 மீற்றர் விட்டமுள்ள தட்டு ஒன்று, பக்கத்தில் 120 மீற்றர் நீளமான தொட்டி வடிவ அன்ரனா ஒன்று. வானலையை மேலே அனுப்பி, இலத்திரன்கள் சிதறடித்துத் திருப்பும் துளி வலுவைப் பிடித்து, எந்த உயரத்தில் எத்தனை இலத்திரன் என்று அளக்கிறார்கள். 80 கிலோமீற்றரில் திடீரென்று எண்ணிக்கை கூடினால், சக்தி கூடிய துணிக்கை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். "மாமா, கன்ரீனில வாபிள் குடுத்தவை" என்பதுதான் அவன் சொன்ன முதல் விபரம்.

நவம்பர் 29, வெள்ளி

நான்கு நாளாய் ஊர் தண்ணீருக்குள். உயர்தரப் பரீட்சை தொடங்கிய கையோடு நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு. முன்வீட்டு அம்மா அரிசிப்பானையைக் கட்டிலுக்கு மேலே ஏற்றியிருக்கிறா.

இதற்குள்ளும் ஒரு குரல்பதிவு வந்து சேர்ந்தது. நோர்வேயிலும் அலஸ்காவிலும் உள்ள ராடர்கள் வானத்தைச் சூடாக்கித்தான் இந்த மழையாம். சூரியப் புயல்தான் காரணம் என்கிறார் இன்னொருவர். வங்கக் கடலில் தாழமுக்கம் நகர்ந்து வந்தது, ஃபெங்கல் என்று பெயரும் வைத்தாயிற்று, மழையும் முகிலும் தரையிலிருந்து 16, 17 கிலோமீற்றருக்குள் நடக்கிற கூத்து. அதற்கு எவ்வளவோ மேலே, அயன்மண்டலத்தில் சில இலத்திரன்களைச் சூடேற்றும் கருவிக்கு இந்த அளவு தண்ணீரைத் தூக்கி வர எங்கேயிருந்து சக்தி? கோபத்தில் நீளமாக ஒரு குரல்பதிவு போட்டேன். அரைவாசியில் மின்சாரம் போய், போன் கோபுரமும் படுத்துவிட்டது.

நேற்று முன்தினத்தோடு ட்ரொம்சோவில் துருவ இரவு தொடங்கிவிட்டது. இனி ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. என் கதைக்கு அந்த இருட்டுத்தான் முக்கியம். நைத்திரிக் ஒட்சைட்டுக்கு வெயில் எதிரி. புறஊதாக் கதிர் அதை உடைக்கும், உடைந்த நைதரசன் அணு இன்னொரு நைத்திரிக் ஒட்சைட்டோடு சேர்ந்து இரண்டையும் சாதாரண நைதரசனாக்கிவிடும். ஒன்று உடைய இரண்டு போகும். இருட்டில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதோடு பனிக்காலத்தில் முனைக்கு மேலே காற்று மெல்லக் கீழே அமிழும். முனையைச் சுற்றிப் பலமாக வீசும் காற்று வளையமான துருவச் சுழல் அதை வெளியே கலைய விடாது. மார்கழியில் 80, 90 கிலோமீற்றரில் பிறந்த வாயு, மாசி பங்குனியில் 45 கிலோமீற்றருக்கும் கீழே, ஓசோன் இருக்கும் படைமண்டலத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

2003 ஒக்ரோபர் நவம்பரில் பெரும் சூரியப் புயல்கள். அந்தப் பனிக்காலத்தின் கடைசியில், 2004இல், வடமுனைப் பக்கம் 40 கிலோமீற்றர் அளவில் ஓசோன் 60 வீதம் வரை குறைந்திருந்தது. 60 என்ற எண்ணைப் பார்த்துத் தலையங்கம் போடக்கூடாது. ஓசோனின் பெரும்பகுதி அதற்குக் கீழே, 20, 25 கிலோமீற்றரில் இருக்கிறது. மொத்தத்தில் இழப்பு சிறிதுதான்.

டிசம்பர் 15, ஞாயிறு

தண்ணீர் வடிந்து வகுப்பு மறுபடியும் தொடங்கியாயிற்று. சுவரில் இடுப்பளவுக்கு ஈரக்கோடு. பரீட்சை எழுதும் பிள்ளைகள் வருவதில்லை, அடுத்த வருடத்துக்காரர் மட்டும்.

ஒரு பெடியன் நேரே கேட்டான்: "அப்ப சேர், காலநிலை மாறுறதுக்கு இதுதான் காரணமோ?" இல்லை. ஓசோன் குறைந்தால் படைமண்டல வெப்பநிலை மாறும், அதனால் துருவச் சுழலின் வேகம் மாறும், அது கீழே இறங்கி வட ஐரோப்பாவின் பனிக்காலத்தைச் சில இடங்களில் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். ஆராய்ச்சி பேசுவது இவ்வளவையே. 2017இல் வெளியான, உலக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆறாவது சுற்றுக் காலநிலைக் கணினி மாதிரிகளுக்கான சூரியத் தரவுத் தொகுப்பில் முதன்முறையாக இந்தத் துணிக்கைகளையும் சேர்த்தார்கள். அதுவரை சூரியன் என்றால் வெளிச்சம் மட்டும்தான் என்று கணக்குப் பார்த்தது எனக்கு இன்னமும் வியப்பு. ஆனால் பூமி சூடாவதற்குக் காபனீரொட்சைட்டே காரணம், அதில் மாற்றமில்லை.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. இருட்டில் நைத்திரிக் ஒட்சைட்டை அளக்க வெயில் தேவைப்படாத கருவி வேண்டும். வளியே விடும் அகச்சிவப்பைப் பார்த்து மிப்பாஸ் என்ற கருவி அதை அழகாகச் செய்தது. அதைச் சுமந்த என்விசாட் செய்மதி 2012 ஏப்ரலில் பேச்சை நிறுத்திவிட்டது. இந்த மாதிரி ஓர் உச்சச் சூரியன் இருக்கும்போது அது வேலை செய்யவில்லை.

கிளம்பும்போது அந்தப் பின்வாங்குப் பிள்ளை இன்னொன்று கேட்டாள்: தென்முனையில் எப்படி? அங்கே பனிக்காலம் எங்கள் யூன், யூலையில். மலைத்தொடர்கள் குறைவாக இருப்பதால் சுழலைக் குலைக்கும் அலைகளும் குறைவு. அதனால் வாயு ஏறக்குறைய வருடந்தோறும் ஒழுங்காக இறங்கும். வடக்கில் அப்படியில்லை. சில வருடம் சுழல் நடுப் பனிக்காலத்தில் உடையும், உடைந்து பின்னர் மீண்டும் கூடினால் வழக்கத்தைவிட அதிகமாகவே இறங்கும், 2004இலும் 2009இலும் அப்படி நடந்தது. இந்த வருடம் எது என்று இப்போது சொல்ல முடியாது. பங்குனியில் தரவு வந்தால் தெரியும். அவளுக்குத் தென்முனையின் ஓசோன் வரைபுகளை இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.