மூணு மணிக்குப் படுத்துக்கிற பொட்டி

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு பார்கோடு லேபிள் அடிக்கிற மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். சி ஷார்ப் மொழி, விண்டோஸ்ல திரை அமைக்கிற டபிள்யூபிஎஃப். ஒரே வாரத்துல பேக்கிங் அண்ணன் போன்ல வந்துட்டாரு: "தம்பி, மூணு மணியானா பொட்டி படுத்துக்குதுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா ஓடுதுங்க." அவிநாசியிலிருந்து வண்டியை எடுத்தேன்.

மெமரி 200 எம்பிகூடத் தாண்டல. அதனால எதுவும் கசியலைன்னு நம்பியே அரைநாள் வீண். அப்புறந்தான் டாஸ்க் மேனேஜர்ல 'ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்' (திரையில வரைய விண்டோஸ் கொடுக்கிற படம், எழுத்து மாதிரி பொருட்களோட எண்ணிக்கை) நெடுவரிசையைத் திறந்துவெச்சு உட்கார்ந்தேன். லேபிளுக்கு ஒண்ணு ஏறுது, இறங்கவே மாட்டேங்குது. விண்டோஸ்ல ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடுற ஒரு ப்ரோக்ராமுக்கு, வழக்கமான உச்சவரம்பு 10,000. எண்ணிக்கை அதை நெருங்குச்சு, படக்குனு திரை கருத்துப்போச்சு. மணி 2:50.

தப்பு என்னோடதுதான். பிரிவியூ காட்ட, லேபிள் படத்துக்கு ஒரு ஜிடிஐ நகல் எடுத்துக் கொடுக்கிற 'கெட்ஹெச்பிட்மேப்' கூப்பிட்டிருந்தேன். மூலப் படமான பிட்மேப்பை, வேலை முடிஞ்சதும் தானா விடுவிக்கிற யூசிங்குக்குள்ள போட்டு ஒழுங்கா டிஸ்போஸும் பண்ணியிருந்தேன், அந்தப் பெருமை வேற. ஆனா கெட்ஹெச்பிட்மேப் கையில கொடுக்கிற ஹேண்டில், அதாவது அந்த நகலுக்கான பிடி, தனி. அப்படியொண்ணு இருக்கறதே வேண்டாத மெமரியைத் தானா கூட்டித் தள்ளுற கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது. நாமளே 'டெலீட்ஆப்ஜெக்ட்' கூப்பிட்டு விடணும். எது நடந்தாலும் கடைசியா ஓடுற ஃபைனலிக்குள்ள ஒரே வரி. எண்ணிக்கை ஏறாம நின்னுருச்சு.

டீயை நீட்டிக்கிட்டே அண்ணன் கேட்டாரு: "ஏனுங் தம்பி, அந்த ஒரு வரியை மொதல்லயே எழுதியிருக்கலாமல்லோ?"