ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போனது

2022 நவம்பரில், தாய்மாமனுக்கு என்னைக் கட்டிக்கொடுக்க நாள் குறித்த வாரத்தில் நான் வீட்டைவிட்டு வெளியேறினேன். எனக்கு 17 வயது. பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிப் பையில் பாடப்புத்தகங்களும் இரண்டு சுடிதாரும் ஆதார் அட்டையும் இருந்தன. முதலில் சித்தி வீட்டுக்குத்தான் சென்றேன். ஒரு வேளைச் சோறு போட்டுவிட்டு, "உங்கப்பாவைப் பகைச்சுக்க முடியாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான்கு இரவுகள் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் கழிந்தன. அங்கே தனியாகப் படுத்துறங்கும் பெண் உடனே கண்ணில் படுவாள். பேருந்துக்குக் காத்திருப்பவளை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே இரவெல்லாம் வண்டி ஓடும் திருநெல்வேலிப் பக்கம், பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினேன். மூன்று வண்டிகள் புறப்பட்டதும் நாகர்கோவில் வண்டி நிற்கும் இடத்துக்கு மாறிவிடுவேன். ஐந்தாம் நாள் காலையில் கொய்யாப்பழம் விற்கும் அக்கா, "நாலு நாளா எந்த வண்டிக்குத்தாண்டி நிக்கிற?" என்று கேட்டார். அவருடைய கைபேசியிலிருந்துதான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தேன்.

அன்று மாலையே குழந்தைகள் நலக்குழுவின் முன் அழைத்துச் சென்றார்கள். குற்றம் செய்தவளைப் போல நான் நடுங்கிக்கொண்டிருக்க, 18 வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் உள்ள பெண், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையே என்று ஓர் உறுப்பினர் பொறுமையாக விளக்கினார். அப்பாவை வரவழைத்துப் பேசினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே, "எனக்கு ஒரே மகன்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். குழுவின் ஆணைப்படி ஓர் இல்லத்தில் சேர்ந்து, அங்கிருந்தே பள்ளிக்குச் சென்று, 2023 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினேன். அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, படித்தேன், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், பேருந்து நிலையத்தைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது இ-சேவை மையம். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய். அந்த 50 ரூபாயைப் புரட்டிவிட்டேன். சாதிச் சான்றிதழோ வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்தது. இணையத்திலிருந்து மறுபடி எடுக்கலாம் என்றார்கள். எடுக்கப் போனால், முன்பு பதிந்திருந்த அப்பாவின் எண்ணுக்கு ஓடிபி போனது. மையத்திலிருந்த பெண் திரையில் குறையும் நொடிகளைக் காட்டி, "நம்பரைச் சொல்லும்மா, டைம் போகுது" என்று அவசரப்படுத்தினார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அது எங்கப்பா நம்பர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கு எளிய வழி உண்டு என்பது பிறகே தெரிந்தது. ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற எந்த ஆவணமும், எவருடைய கையெழுத்தும் தேவையில்லை. 2023-இல் நேரில் சென்று கைரேகை வைத்து 50 ரூபாய் கட்டினால் போதுமானதாக இருந்தது. இல்லத்தின் கண்காணிப்பாளர் வாங்கித்தந்த சிம்மின் எண்ணை அப்படித்தான் பதிந்தேன். சில நாட்களில் ஆதாரில் மாறியதும் இ-சேவையிலும் மாற்றிச் சான்றிதழை எடுத்தேன். வீட்டின் துணையில்லாமல் படிக்க முனையும் பிள்ளைகளிடம், மற்ற எதையும்விட இதை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

வரலாற்றுப் பிரிவில் இடம் கிடைத்தது. ஜூன் மாதம் 18 வயது நிறைந்தபோது அரசு மாணவியர் விடுதிக்கு மாறினேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாய் மாதந்தோறும் என் கணக்கிலேயே விழுந்தது.

இரண்டாம் ஆண்டில்தான் அம்மா, பக்கத்து வீட்டுக் கைபேசியிலிருந்து முதன்முறையாகப் பேசினார். அன்று வந்த அந்த ஓடிபியை அப்பா அழிக்கவில்லையாம். ஆங்கிலத்தில் இருந்ததால் இருவருக்கும் புரியவில்லை. நான் இருக்கும் ஊரின் பெயர் அதில் இருக்கிறதா என்று அப்பா பக்கத்து வீட்டுப் பையனிடம் கொண்டுபோய்க் கேட்டாராம்.