எலெக்ட்ரிக் பரவாயில்லை, ஹைபிரிட்தான் மனசுக்கு ஒட்டவில்லை

கார்ப் பைத்தியம் என்று பேர் வாங்கியவன் எலெக்ட்ரிக் காரைத் திட்டியே தீரவேண்டும் என்று எங்கள் பக்கம் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சாயங்காலம் டீ குடிக்கக் கூடும் எங்கள் செட்டில் பாதிப்பேர் அப்படித்தான், "அது காராலே, சக்கரம் வச்ச செல்போன்லா" என்று ஆரம்பிப்பார்கள், மீதிப்பேர் பெட்ரோல் விலையைச் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள், டீ ஆறிப்போகும். எனக்கு எலெக்ட்ரிக்கோடு பெரிய சண்டை கிடையாது. எனக்கு ஒட்டாதது ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டி. ஆனால் சொந்தக்காரர்கள் யாராவது "எங்களுக்கு எந்த வண்டி சரிப்படும்" என்று கேட்டால் பெரும்பாலும் ஹைபிரிடைத்தான் சொல்லி அனுப்புகிறேன். இந்தக் கூத்தை எழுதியாவது பார்ப்போம்.

முதலில் எங்கள் தலைமுறை எதை நினைத்து ஏங்குகிறது என்று சொல்லிவிடவேண்டும். எனக்கு அது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். மாருதி ஸ்விஃப்டில் அது 2007-ல் வந்தது, அப்புறம் டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட்டின் சொந்த புன்டோ, லீனியா என்று நாட்டில் பாதி வண்டிக்கு அதே எஞ்சின். 1248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் விசை. காகிதத்தில் பெரிய விஷயமே இல்லை. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழே சோம்பிக் கிடக்கும், அதைத் தாண்டினால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ பிடித்து முதுகை சீட்டோடு அழுத்தும். தென்காசி ரோடு இருவழிச் சாலையாக இருந்த காலத்தில் ஆலங்குளம் பக்கம் ஒரு லாரியைத் தாண்டவேண்டும் என்றால், எதிரே வண்டி வரும் முன்னாலேயே மூன்றாம் கியருக்கு இறக்கி, டர்போ விழிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, ஒரு நொடி முன்னதாக மிதிக்கவேண்டும். அந்தக் கணக்கு இடது காலிலும் காதிலும்தான் இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

அந்த எஞ்சினைக் கொன்றது எலெக்ட்ரிக் கார் என்று எங்கள் ஆட்கள் பேசும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது, அதற்கேற்றபடி மாற்றிச் சின்ன வண்டிகளில் விற்றால் கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் வந்தது அதே ஆண்டு ஜனவரியில், அப்போது எங்கள் ஊர் ரோட்டில் அதைப் பார்ப்பதே அபூர்வம். நாங்கள் அழவேண்டிய ஆள் வேறு, திட்டிக்கொண்டிருக்கும் ஆள் வேறு.

சரி, எலெக்ட்ரிக் ஓட்டினால் எப்படி இருக்கிறது? சித்தப்பா மகனிடம் ஒன்று இருக்கிறது, கேடிசி நகரில் வீடு, போர்ட்டிகோவிலேயே சார்ஜர் மாட்டியிருக்கிறான். சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுவான் என்பதால் நன்றாகவே ஓட்டியிருக்கிறேன். மிதித்த உடனே முழு டார்க்கும் வந்துவிடுகிறது, டர்போவுக்குக் காத்திருப்பது, கியர் இறக்குவது எல்லாம் போச்சு. லாரியைத் தாண்டுவது ஒரு விஷயமாகவே இல்லை. முதலில் ஏதோ களவாண்டது போலக் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. சித்திக்குத்தான் இன்னும் பழகவில்லை, "வண்டி நிக்கா ஓடுதான்னே தெரிய மாட்டேங்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள்.

பொழுதுபோகாத நேரத்தில் நான் போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. ஆட்களோடு சேர்த்து 1.6 டன் எடையுள்ள வண்டி கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட 1800 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தில் இருக்கும் ஆற்றல் 7.8 யூனிட் கரண்டுக்குச் சமம். டீசல் வண்டியில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்து இறக்கினாலும் அது அத்தனையும் சூடாகிக் காற்றில் போகும், கீழே வந்து நிறுத்தினால் பிரேக் கருகிய வாசனை அடிக்கும். எலெக்ட்ரிக்கில் வண்டி உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் ஒரு பங்கு போக, மீதியில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. ஏறும்போது தின்றதை இறங்கும்போது கக்குகிறது. எஞ்சின் பிடித்து இறக்கத் தெரியும் என்று பெருமை பேசிய எனக்கு, அந்த மீட்டரில் சதவீதம் மேலே ஏறுவதைப் பார்க்கையில் பெருமை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது.

ஆனால் ஆனி ஆடியில் நாகர்கோவில் போய்ப் பாருங்கள். நாங்குநேரி தாண்டியதும் காற்று ஆரம்பிக்கும், வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலை சுற்றிக்கொண்டே இருக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், வளைவில் நேர் முகத்தில் அடிக்கும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், காற்றுத்தடை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடும். ரேஞ்ச், அதாவது மீதி சார்ஜில் ஓடக்கூடிய தூரம், கண்ணெதிரே சரியும். பெட்ரோல் வண்டியிலும் இந்தக் காற்று தின்னத்தான் செய்கிறது, ஆனால் ஊற்றும் எரிபொருளில் முக்கால் பங்கை எஞ்சின் சூடாகவே வெளியே தள்ளிவிடுவதால் கூடுதல் செலவு கண்ணில் படுவதில்லை. எலெக்ட்ரிக்கில் வீணாவது குறைவு, அதனால் ஒவ்வொரு நஷ்டமும் பளிச்சென்று தெரிகிறது. நம் வண்டிக்குக் கரண்டு தரும் அதே காற்று எதிரே நின்று பிடுங்கிக்கொள்வது எங்கள் சீமைக்கே உரிய தமாஷ்.

சுற்றுச்சூழல் வாதம் எதுவும் என்னை அசைப்பதில்லை. ஆடி மாதம் ராத்திரி சார்ஜ் போட்டால் காற்றாலைக் கரண்டு, கூடங்குளம் ஓடினால் அணுக் கரண்டு, இல்லையென்றால் தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரி. எல்லாம் ஒரே கம்பியில்தான் வருகிறது. வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்கே மாறிவிடும் என்பதுதான் என் தம்பி கவலைப்படும் சுற்றுச்சூழல்.

எலெக்ட்ரிக்கில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்றுதான், பொய்ச் சத்தம். மஹிந்திராவின் புது எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு ஏ.ஆர். ரஹ்மான் சத்தம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஹூண்டாய் அயானிக் 5 என் என்ற வண்டியில், இல்லாத எட்டு கியரை இருப்பதுபோல நடித்து, மாற்றும்போது ஒரு குலுக்கலும் கொடுக்கிறார்கள். அமைதியாக இருப்பதுதான் அதன் குணம் என்றால் அமைதியாகவே விட்டுவிடவேண்டியதுதானே.

இனி ஹைபிரிட். டொயோட்டாவின் ஹைரைடர், மாருதியின் கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே தத்துவம்தான். எஞ்சின் ஒன்று, மோட்டார்-ஜெனரேட்டர் இரண்டு, நடுவில் இவற்றின் சுழற்சியைக் கலந்து சக்கரத்துக்கு அனுப்பும் கோள் பற்சக்கரத் தொகுதி. கியர்பாக்ஸ் என்று நாம் நினைக்கும் பொருளே கிடையாது. எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினால் பெட்ரோல் குறைவாகச் செலவாகுமோ அந்த வேகத்தில் சுற்றும், உன் கால் என்ன சொல்கிறது என்பது அதற்கு இரண்டாம் பட்சம். மூளையால் பார்த்தால் அற்புதமான வேலை. ஹைரைடர் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று அரசுச் சோதனைக் கணக்கு, ஓரத்தில் செருகி சார்ஜ் போடும் வேலையும் இல்லை. ஆனால் மேட்டில் முழுசாக மிதித்தால் எஞ்சின் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்று மிக்ஸி போலக் கத்துகிறது, வண்டி அதன் பாட்டுக்கு நிதானமாக வேகம் எடுக்கிறது. மலையிறக்கத்தில் இன்னும் வேடிக்கை. ஹைரைடரின் பேட்டரி ஒரு யூனிட் கூடக் கொள்ளாது, பாதி மலையிலேயே நிரம்பிவிடும். அப்புறம் வேகத்தைப் பிடிக்க எஞ்சினையே சும்மா சுற்றவிடுகிறது, நான் காலை எடுத்த பிறகும் முன்னால் ஒரே கதறல்.

இதுதான் எனக்கு ஒட்டாத இடம். எலெக்ட்ரிக் வேறு ஜாதி, அதனிடம் எஞ்சினை எதிர்பார்க்கவில்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை. ஹைபிரிடில் எனக்குத் தெரிந்த அதே எஞ்சின் இருக்கிறது, சத்தம் போடுகிறது, ஆனால் அந்தச் சத்தத்துக்கும் வண்டி போகும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. காதை வைத்து வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு இது பெரிய இம்சை. (2015-ல் சியாஸ் டீசலில் ஹைபிரிட் என்று பட்டை ஒட்டி விற்றார்களே, அதைச் சேர்க்கவில்லை. அதில் மோட்டார் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். ஓட்டுவதற்குப் பழைய மல்டிஜெட்டேதான், எங்களுக்கு அதில் புகாரே கிடையாது.)

பாளையங்கோட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் இதைப் புலம்பினேன். பானட்டைத் திறக்கும் முன்னாலேயே சத்தத்தை வைத்து இன்ஜெக்டரா, டைமிங் செயினா என்று சொல்லிவிடும் ஆள். அவருக்கு என் வருத்தம் பெரிதாகப் படவில்லை. "எஞ்சின் போனா போகட்டும் தம்பி, ரோடு இப்படியேதான இருக்கும், எனக்கு சஸ்பென்ஷன் வேலை போதும்" என்றார். நியாயம்தான், எலெக்ட்ரிக்கில் பேட்டரி எடையும் அந்த டார்க்கும் சேர்ந்து டயரையும் புஷ்ஷையும் சீக்கிரம் தின்றுவிடும். ஆனால் பிரேக் பேட் வேலை குறைந்துவிடும், ஆயில் மாற்றும் வேலையே கிடையாது, ஆரஞ்சு நிற உயர் அழுத்த வயரைத் தொட அவரிடம் வேலை பழகும் பையன்களுக்கு இன்றைக்கு அனுமதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் எலெக்ட்ரிக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள், ஆண்டுக்கு 50,000 வண்டியில் தொடங்கும் திட்டம். பாலிடெக்னிக் முடித்த பையன்கள் அங்கே போவார்கள். காதை வைத்தே கோளாறைச் சொல்லும் வேலைக்கு இனி யார் வந்து உட்காருவார்கள் என்றுதான் தெரியவில்லை. எனக்கு எஞ்சினைவிட அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இவ்வளவும் பேசிவிட்டு ஹைபிரிடை ஏன் சிபாரிசு செய்கிறேன் என்றால், அத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அடுக்குமாடி வீடு, பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் போட அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் குடும்பத்தோடு ஊருக்கு வரவேண்டும், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பொங்கலுக்கு முந்தின நாள் நாலுவழிச் சாலையில் சார்ஜர் முன்னால் வரிசையில் நிற்கும் பொறுமை அவருக்குக் கிடையாது, அக்காவுக்குச் சுத்தமாகக் கிடையாது. அவர்களிடம் போய் எஞ்சின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று பிரசங்கம் பண்ணமுடியுமா? "வாங்குங்க அத்தான், நல்ல வண்டி" என்றேன். புக் பண்ணிவிட்டார். டெலிவரி எடுத்ததும் சென்னையில் இருந்து ஊர்வரை ஓட்டிவர என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். போவேன், பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு.