சக்கர பேரிங்கும் டிஃபரன்ஷியல் பேரிங்கும் வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

வண்டி பழையது. பின்சக்கரத்தில் இழுவை, முன்பக்க ஹப்புகளில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) கூம்பு ரோலர் பேரிங் இரண்டிரண்டு, பின்னால் கனத்த ஆக்சில் கூட்டுக்குள், சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும், அதைச் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனும், கிரவுனை ஓட்டும் சிறிய பல்சக்கரமான பினியனும். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பும், 70-ஐத் தொட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இந்த வேலை முழுவதையும் முடித்த பிறகு எனக்கு உறுதியாகச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான்: ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சத்தத்தைப் பிரித்துக் கேட்கக் கொடுக்கும் நேரம்தான் இதில் பாதி வேலை.

முதலில் இன்ஜினைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் 70-ல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் சுற்று சட்டென்று இறங்கியது, ஊளை இறங்கவில்லை, வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. அப்படியானால் இன்ஜின் இல்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. அடுத்த சந்தேகம் டயர். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர் அச்சு அசலாக பேரிங் மாதிரியே சத்தம் போடும், நல்ல பேரிங்கைக் கழற்றி எறிபவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள். டயர் சத்தம் என்றால் சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்குப் போனதும் குரல் மாறும், பேரிங்குக்கு எந்தச் சாலையும் ஒன்றுதான். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டும் பார்த்தேன், சத்தம் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

அப்புறம்தான் எந்தப் பக்கம் என்ற கேள்வி. அகலமான, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடதும் வலதுமாக அசைத்து ஓட்ட வேண்டும். இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும், வலது பக்கம் திருப்பினால் இடது மேல். எனக்கு இடது பக்கம் திருப்பும்போது ஊளை கூடியது, வலது பக்கம் திருப்பும்போது அடங்கியது. ஆக, வலது பக்க பேரிங். காது சொன்னதைக் கையாலும் சரிபார்த்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்ட வேண்டாம்), சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது. ஆடினாலே பேரிங் என்று முடிவு கட்டிவிட முடியாது, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் ஆடும். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயின்ட். இன்னொன்று, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுவது. கெட்ட பக்கத்தில் உள்ளங்கைக்குள் மணல் அரைபடுவது போல ஒரு நடுக்கம் ஏறும். நல்ல பக்கத்தையும் உடனே தொட்டுப் பார்த்தால் சந்தேகமே மிஞ்சாது.

ஹப்பைக் கழற்றியதும் கிரீஸே கதையைச் சொல்லிவிட்டது. கறுத்துப்போய், விரலில் தேய்த்தால் மினுமினுத்தது. துடைத்துப் பார்த்தால் உள்பக்க பேரிங்கின் கப்பில் (ரோலர்கள் உருளும் வெளி வளையம்), அதன் ஓடுபாதையில் செதில் செதிலாக உலோகம் பெயர்ந்து, நகத்தால் வருடினால் தட்டுப்படும் பள்ளங்கள். கோனையும் (ரோலர்கள் கோத்த உள் வளையம்) கப்பையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழைய கப்பில் புது கோன் போட்டால் சீக்கிரமே திரும்ப இதே வேலை. வாங்கப் போகும்முன் பேரிங்கில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30206 போன்ற மெட்ரிக் எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், இதற்கு 30 மில்லிமீட்டர். எண் அழிந்துபோயிருந்தால் பேரிங் உட்காரும் ஸ்பிண்டில் தண்டை அளந்து சரிபார்க்க இது உதவும்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டினேன், ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பையே கீறிவிடும். புது கப்பை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். பழைய கப்பின் வெளிவிளிம்பைக் கொஞ்சம் அரைத்துக் குறுக்கி, அதையே புதியதின் மேல் வைத்துத் தட்டி இறக்கினேன். கப் முழுதாக அமர்ந்த நொடியில் அடியின் ஓசை மாறும், மொத்தென்று கேட்டது கணீரென்று கேட்கும். அதற்குமேல் ஒரு அடிகூடத் தேவையில்லை. கிரீஸை ரோலர்களின் மேலே பூசினால் போதாது, உள்ளங்கையில் வைத்து பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை உள்ளே ஏற்ற வேண்டும். பழைய கிரீஸ் துளிகூட இருக்கக் கூடாது, இரண்டு வகை கிரீஸ் கலந்தால் சில நேரம் தண்ணீராக இளகி ஓடிவிடும். நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி ரோலர்களை அமர்த்தி, பிறகு தளர்த்தி, கடைசியில் விரலால் மட்டும் இறுக்கினேன். இம்மி அசைவையும் காட்டும் டயல் கேஜில் ஆட்டம் 0.03-லிருந்து 0.13 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னும் புதியதுதான்.

ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தடித்த ஊளை போயே போய்விட்டது. ஆனால் அதற்கு அடியில் மறைந்திருந்த இன்னொரு சத்தம் இப்போது தனியாகக் கேட்டது, மெலிசாக, உச்ச ஸ்தாயியில். ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் இது அசையவில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரியும் விட்டால் வேறு மாதிரியும் மாறியது. இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவியது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்பதால் பினியன் சுற்றுவது 2050. டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு பேரிங்குகள் சக்கர வேகத்தில் சுற்றுவதால் அவை கெட்டால் தாழ்ந்த உறுமல் வரும், பினியன் பேரிங் அதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் கீச்சென்று உயர்ந்து கேட்கும். எனக்குக் கேட்டது இரண்டாவது.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அது வந்து மாட்டும் பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், ஆடியது. ஆரோக்கியமான பினியனில் அந்த ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. எண்ணெயை வடித்தபோது வரவேண்டிய அளவு வரவே இல்லை. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது சகஜம், இதில் செதில்கள் இருந்தன. காரணமும் சிக்கியது: ஆக்சிலின் மேலே இருக்கும் மூச்சுத் துளை மண் அடைத்துக் கிடந்தது. உள்ளே சூடேறினால் காற்று வெளியேற வழியில்லை, அழுத்தம் ஏறி எண்ணெய் பினியன் சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. எண்ணெய் மட்டம் இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது ஃபிளாஞ்ச் பக்கத்து பேரிங்தான், ஏனென்றால் கிரவுன் வாரி இறைக்கும் எண்ணெயை நம்பித்தான் அது வாழ்கிறது. உள்ளே திறந்தபோது அந்த பேரிங்கின் ரோலர்கள் நீலம் பூத்திருந்தன.

டிஃபரன்ஷியலைக் கண்டு நிறைய பேர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் அதே கிரவுன் பினியனைத் திரும்பப் போடும்போது வேலை பாதிதான், பழைய அளவுகளை அப்படியே மீட்டுக் கொண்டுவந்தால் போதும். அதனால் எதையும் கழற்றும்முன் பல் இடைவெளியை டயல் கேஜில் அளந்தேன், கிரவுன் பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, பற்கள் எங்கே தொடுகின்றன என்பதைப் படம் எடுத்து வைத்தேன். பேரிங் மூடிகளில் இடது வலது என்று பஞ்ச் உளியால் தட்டிக் குறி போடாமல் கழற்றவே கூடாது, கூட்டோடு சேர்த்துக் கடைந்தவை அவை, இடம் மாறினால் பொருந்தாது. ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கம் என்று எழுதித் தனித்தனி பையில் போட்டேன். பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே ஷிம்மையே திரும்பப் போட்டேன். புது பேரிங்கை 100 டிகிரி அளவுக்குச் சூடான எண்ணெயில் வைத்து எடுத்தால் பினியன் தண்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும். நெருப்பைக் காட்டக் கூடாது, எஃகின் பதம் கெட்டுவிடும்.

பொறுமை கேட்பது நசுங்கும் ஸ்லீவ். இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவில் நிற்கும் மெல்லிய குழாய் அது, நட்டை இறுக்க இறுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி பேரிங்குக்குச் சரியான முன்னழுத்தம், அதாவது ஆட்டமில்லாமல் பிடித்துவைக்கும் இறுக்கம், தரும். நசுங்க ஆரம்பிக்கவே பெரும்பலம் வேண்டும், ஃபிளாஞ்சை நீண்ட இரும்புப் பட்டையால் தடுத்துப் பிடித்து, ரெஞ்சில் நீளக் குழாய் மாட்டித்தான் திருக முடிந்தது. ஆட்டம் நின்ற பிறகு ஒவ்வொரு இம்மியாக இறுக்கி, முள் காட்டும் சிறிய டார்க் ரெஞ்சால் பினியன் சுற்ற எவ்வளவு விசை கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பல கார்களில் புது பேரிங்குக்கு 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் இறுதி. அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, நசுங்கிய ஸ்லீவ் நிமிராது, புதியது போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஸ்லீவ் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பக்கவாட்டு பேரிங்குகளையும் மாற்றி ஷிம்களை அதே இடத்தில் போட்டதும் பல் இடைவெளி பழைய அளவுக்குப் பக்கத்தில், 0.18 மில்லிமீட்டருக்கு வந்தது. வராவிட்டால் ஒரு பக்கம் எடுக்கும் தடிமனை மறுபக்கம் சேர்க்க வேண்டும், மொத்தம் மாறக் கூடாது. பசைத் தடம் பழைய படத்தோடு ஒத்துப்போனது. மூச்சுத் துளையைச் சுத்தம் செய்து, ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 கியர் எண்ணெயை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றி மூடினேன்.

முதல் ஓட்டத்தை மெதுவாக வைத்து, நடுநடுவே நிறுத்தி ஹப்பையும் பினியன் மூக்கையும் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிகிற சூடுதான். சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை மாற்றி, ஹப் ஆட்டத்தையும் திரும்ப அளந்தேன். 60-ல் காலை எடுத்து வண்டியை ஓடவிடும்போது இப்போதும் மெல்லிய ரீங்காரம் ஒன்று இருக்கிறது. அது கிரவுன் பற்களின் பழைய தேய்மானம், பேரிங் மாற்றுவதால் போகாது, கிரவுன் பினியன் ஜோடியையே மாற்றினால்தான் போகும். பற்களில் வெடிப்போ பெயர்வோ இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன், அதனால் அப்படியே ஓட்டுகிறேன்.